கம்ப்யூட்டர் அணையும் வரை

என் கடைக் கம்ப்யூட்டர் ஒரு காலத்தில் அணைவதற்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதை நான்தான் சரிசெய்தேன். இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்டதை, டைப்ரைட்டிங் மட்டும் படித்த நான் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். கொஞ்ச நாள் அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தேன். என் மனைவி இறந்து இந்தத் தையோடு இரண்டு வருடம் ஆகிறது. நான் செய்த தவறுகளிலேயே பெரியது எது என்று யாராவது கேட்டால் அந்த ரிப்பேரைத்தான் சொல்வேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற தெருவில் என் கடை. ஒரு ஷட்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், விரலை வைத்தால் கைரேகை எடுக்கிற சின்ன மெஷின் ஒன்று. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் ஆட்கள் வருவார்கள். பாதிப்பேர் கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வருபவர்கள். காகிதங்களை ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி, அதை மஞ்சப்பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாலை பஸ்ஸுக்குள் வேலை முடிய வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவர்களிடம் மட்டும் கத்த மாட்டேன். கத்தினால் திருப்பிக் கத்தாமல் அப்படியே பார்ப்பார்கள். அதைத் தாங்க முடியாது.

என் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில் பள்ளிக்கூட யூனிபாரம் தைத்தாள். ஆறு மணிக்கு அங்கே விடுவார்கள். ஆறேகாலுக்குக் கடைக்கு வந்துவிடுவாள். நான் கடையை மூடியதும் இருவரும் வண்டியில் கச்சிராயபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவோம். வண்டியில் பேச முடியாது. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் லாரி ஹாரன். வீட்டில் அதற்கு மேல். இரண்டு அறைகளில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள் இருவர், எங்கள் மகள், நாங்கள். கணவனும் மனைவியும் தனியாகப் பேச வேண்டுமென்றால் மாட்டுக்கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் அம்மா ஏதாவது தேடிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆறேகாலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். அப்படி இறக்கினால்தான் கடை மூடிவிட்டது என்று நம்புவார்கள். இல்லாவிட்டால் 'ஒரே ஒரு ஜெராக்ஸ்' என்று கடைசி ஆள் ஒருவர் வந்து நிற்பார். இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கிற பட்டனைத் தட்டுவேன். நீலத் திரை வரும். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் மூன்று நிமிடம் என்றிருந்தது, போகப்போகப் பன்னிரண்டில் வந்து நின்றது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. சின்னசேலத்திலிருந்து மெக்கானிக் வந்து பார்த்து, டிஸ்க்கில் இருந்ததில் பாதி போய்விட்டது என்றார். போன பாதியில், முந்தின நாள் மலையிலிருந்து வந்த ஏழு குடும்பங்களின் காகிதங்கள் இருந்தன. சர்வர் படுத்துவிட்டதால் மறுநாள் அனுப்பலாம் என்று ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஏழு குடும்பமும் திரும்ப இறங்கி வர வேண்டியதாயிற்று. அதில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். 'பரவால்லீங்க சார்' என்று அவள் சொன்னபோது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண் போன பிறகு இவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கோவத்துக்கு அவங்க ஏன் மலை ஏறி எறங்கணும்? இனிமே அதுவா அணையற வரைக்கும் பிளக்குல கை வைக்கக் கூடாது. நீங்க தனியா இருந்தா புடுங்குவீங்க. நானும் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்காருவாள். பையிலிருந்து அவித்த மல்லாட்டைப் பொட்டலத்தை எடுப்பாள்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உரித்து எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி. தோலை மட்டும் என் மேஜையில்தான் போடுவாள். அது ஏன் என்று கேட்டு நான் சத்தம் போடுவதும் தினம் நடக்கும்.

அவளுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. முதலில் தையல் கம்பெனியில் நூல் அறுந்த கதை, பிறகு வெயில், பிறகு மகளின் பள்ளிக்கூடம், அப்புறம் தம்பி மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. பத்தாவது நிமிடத்தில், புள்ளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, "அப்பறம் ஒண்ணு" என்பாள். அதுதான் விஷயம். இரண்டாவதாக உண்டானது கலைந்துபோனதைக்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பத்தாவது நிமிடத்தில், தோலை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்போது வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நான் அவள் கையிலிருந்த மல்லாட்டையை வாங்கி உரித்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்து வந்த ஆடி மாதத்தில், குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரியும். வலி இல்லை. வலிக்காத ஒன்றுக்குப் பயப்படலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. என் அம்மாவிடம் சொல்லக் கூச்சம், தம்பி மனைவியிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். மீதி இருந்தது நான். என்னிடம் சொல்ல இருந்தது அந்தக் கடை, அந்தப் பன்னிரண்டு நிமிடம்.

அதே ஆடியில்தான் எனக்குக் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிற வெறி பிடித்தது.

காரணம் மெக்கானிக். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் ஒழுங்காக அணைந்தது. மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி அழித்துப் போட்டார், மறுபடியும் அதே. இன்னொருவரைக் கூட்டிவந்தேன். அவர் திறந்துகூடப் பார்க்காமல், "பழைய மெஷின் சார், தூக்கிப் போடுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கம்ப்யூட்டரைச் சொன்ன மாதிரி தெரியவில்லை, என்னைச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரு கை பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

பிரஷ் வைத்துத் தூசியைத் தட்டினேன். வேண்டாத புரோகிராம்களை எடுத்தேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: கம்ப்யூட்டர் தனக்கு நேர்வதையெல்லாம் தானே ஓரிடத்தில் எழுதி வைக்கிறது. அதைத் திறந்தால் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரே வரி. ஏதோ ஒரு சர்வீஸ் நிற்கச் சொன்னால் நிற்கவில்லை என்று. பின்னணியில் நமக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வேலைகளைத்தான் சர்வீஸ் என்கிறார்கள். ஆனால் அந்த வரியில் பெயர் இருக்கவில்லை. வெறும் எழுத்தும் எண்ணும். பட்டியலைத் திறந்தால் இருநூறுக்கு மேல் ஓடுகின்றன.

தினம் சிலவற்றை நிறுத்தி வைத்து, மாலையில் அணைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். பன்னிரண்டு. மறுநாள் வேறு சில. பன்னிரண்டு. ஒரு நோட்டில் எதை நிறுத்தினேன் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அந்த மூன்று வாரமும் அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

"கட்டுன பொண்டாட்டி மூஞ்ச என்னிக்காவது இப்படி உத்துப் பாத்துக்கினு இருந்திருக்கீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். கேலிதான். நானும் சிரித்தேன், திரும்பிப் பார்க்காமல்.

இன்னொரு நாள் "அப்பறம் ஒண்ணு" என்றாள். "இரு இரு, பதினோரு நிமிஷம் ஆயிடுச்சி, எண்ணிக்கினு இருக்கேன்" என்றேன். எண்ணி முடித்தபோது அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். இது அப்போது என் கண்ணில் படவில்லை. இப்போது அந்தப் பையின் வார் எந்தத் தோளில் இருந்தது என்பதுவரை ஞாபகம் இருக்கிறது.

ஆவணி பிறந்த வாரத்தில் கண்டுபிடித்தேன். மெக்கானிக் அழித்துப் போட்ட பிறகு ஒரு நாள் மட்டும் ஒழுங்காக அணைந்ததல்லவா, அந்த ஒரு நாள் முடிந்ததும் நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். கைரேகை மெஷினுக்கான புரோகிராமை ஏற்றினேன். இரண்டு தடவையும் அதைத்தான் செய்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் புரோகிராமோடு ஒரு அப்டேட் சர்வீஸும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பு இருக்கிறதா என்று அதைச் செய்தவர்களின் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பது அதன் வேலை. அந்த சர்வரையே எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். இதற்கு அது தெரியாது. மாலையில் கம்ப்யூட்டர் எல்லோரையும் கிளம்பச் சொல்லும். எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இது மட்டும், ஒரு பதில் வர வேண்டியிருக்கிறது, வந்ததும் கிளம்புகிறேன் என்று நிற்கும். கம்ப்யூட்டரும் சரி என்று காத்திருக்கும். பன்னிரண்டு நிமிடம் ஆனதும், இனி வராது என்று விட்டுவிடும்.

அந்த சர்வீஸை முடக்கினேன். கைரேகை மெஷின் அது இல்லாமலே நன்றாக வேலை செய்தது. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துப் பார்த்தேன். எட்டு விநாடி. நம்பாமல் மறுபடி போட்டு அணைத்தேன். எட்டு விநாடி. எழுந்து நின்றே விட்டேன். எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளிடம் காட்ட ஆறேகால் வரை இருப்புக்கொள்ளவில்லை.

அன்று அவள் வந்ததே வேறு மாதிரி இருந்தது. ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்து, நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மல்லாட்டைப் பொட்டலம் கையில் இருந்தது. பிரிக்கவில்லை. நூல் கதை, வெயில் கதை ஒன்றும் இல்லை.

"இன்னாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"மொதல்ல இத பாரு. கண்ண அந்தாண்ட இந்தாண்ட எடுக்காத" என்று சொல்லி அணைத்தேன். நீலத் திரை வந்தது. புள்ளிகள் இரண்டு சுற்றுச் சுற்றின. திரை கறுத்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், பாராட்டுக்காக.

"அட" என்றாள்.

"எட்டு செகண்டு. இனிமே இங்க குந்திக்கினு கெடக்க வேணாம். சரி, இன்னா சொல்ல வந்தே?"

நான் அதற்குள் சாவியைக் கையில் எடுத்திருந்தேன். அவள் கறுத்துப்போன திரையையும் சாவியையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. கெளம்புங்க, மழ வரப் போவுது" என்றாள். பிரிக்காத பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரும்போது நான் கடைக்கு வெளியே நிற்பேன். ஷட்டர் முழுவதும் இறங்கியிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் அவள், "இன்னிக்கும் ஒடனே அணைஞ்சிடுச்சா?" என்று கேட்பாள். "எட்டே செகண்டு" என்பேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். மிச்சம் பிடித்த நேரத்தில் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

தை மாதம், துணி துவைக்கும்போது தம்பி மனைவி என் மனைவியின் ரவிக்கையில் கறையைப் பார்த்திருக்கிறாள். அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள். என் மனைவியின் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை நாளாக என்று கேட்டார். "ஆடிலேர்ந்து" என்றாள். நான் விரல் விட்டு எண்ணினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஆடியிலயே வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவரைத் திட்டுவதற்காவது வழி கிடைத்திருக்கும்.

வராந்தாவில் வைத்து அவளைத் திட்டினேன். அத்தனை பேர் பார்க்க, "வாய் இல்லையாடி உனக்கு? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது அவளுக்குத் தெரியும். நான் கத்தி முடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லலாம்னுதான் வந்தேன். அன்னிக்கிதான் நீங்க கம்ப்யூட்டர சரி பண்ணிட்டீங்க."

எந்த நாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "அதுக்கப்பறம் எத்தினி நாளு இருந்துச்சி" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"எங்க சொல்றது? வண்டியிலயா, உங்க அம்மா முன்னாலயா? கடைக்கு வந்தா நீங்க சாவிய ஆட்டிக்கினு நிப்பீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை. வழக்கமாக என்னைக் கேலி செய்கிற அதே சிரிப்பு. குத்திக் காட்டியிருக்கலாம். நான் அதற்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ஒரு வருடம் ஊசியும் மருந்துமாகப் போனது. தலைமுடி கொட்டியது. நடுவில் கொஞ்சம் தேறியிருந்த ஒரு வாரத்தில், கடைக்கு வருகிறேன் என்று அடம் பிடித்து வந்தாள். மாலை ஷட்டரைப் பாதி இறக்கினேன். சிவப்பு நாற்காலியில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மல்லாட்டை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் நான் வாங்கி வைத்திருந்தேன். பழக்கத்தில் கை அணைக்கிற பட்டனுக்குப் போய்விட்டது. எட்டு விநாடி.

"இன்னும் கொஞ்ச நேரம் குந்து" என்றேன்.

"அதான் அணைஞ்சிடுச்சே" என்று எழுந்துவிட்டாள்.

அணைந்தால் என்ன, அங்கேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேச எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை, பெண்களுக்கும் அப்படி உட்காரத் தெரியாது. எதற்காகவோ காத்திருக்கிறோம் என்று ஒரு சாக்கு வேண்டும். எங்களுக்கு இருந்த சாக்கு அந்த ஓட்டை சர்வீஸ் ஒன்றுதான். அடுத்த தையில் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடையைத் திறந்தேன். மலையிலிருந்து வந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு, இரண்டு கையாலும் காகிதத்தை நீட்டினார்கள். பிளக்கைப் பிடுங்கிய கதையில் கைக்குழந்தையோடு வந்த பெண்ணும் ஒரு நாள் வந்தாள். குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறதாம். "அக்கா இல்லீங்களா சார்?" என்றாள். அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. சொன்னேன். அவள் அந்தச் சிவப்பு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் எழுந்து நின்றுகொண்டாள். வேலை முடியும் வரை உட்காரவே இல்லை.

அன்று சாயங்காலம் சர்வீஸ் பட்டியலைத் திறந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை, எத்தனையாவது வரி என்று கண்ணுக்குத் தெரியும். முடக்கியிருந்ததை மறுபடி தானாக ஓடும்படி வைத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். அணைத்தேன். புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. அது மறுபடியும் இல்லாத இடத்தில் பதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். எதிர் டீக்கடைக்காரர் ஒரு நாள் குனிந்து உள்ளே பார்த்து, "இன்னாண்ணா, மறுபடியும் லேட்டாவுதா? நீங்கதான் சரி பண்ணீங்களே" என்றார். "பழைய மெஷின்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் போன் செய்து ஏன் லேட் என்று கேட்டால் அவளிடமும் அதே பொய்தான்.

பொட்டலத்தைப் பிரிக்கிறேன். தோலை என் மேஜையிலேயே போடுகிறேன். சிவப்பு நாற்காலியை எனக்கு எதிரே திருப்பிப் போட்டிருக்கிறேன், திரை இப்போது என் முதுகுப் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட வேண்டாம். மீதிப் பதினொன்றும் அவளுக்குத் தைரியம் வருவதற்கு வேண்டியிருந்தது.